அண்ணி ஊரில் இல்லை

வத்தளை,
20.01.2024

அன்புள்ள ஜெயந்தினிக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே பிரதாப்பும் மருமகளும் நானும் சுகம். பொங்கல் நல்லபடி முடிந்தது. உன் காது எப்படி இருக்கிறது? வலது பக்கம் மட்டும் கொஞ்சம் கேட்கிறது என்றாயே, அது அப்படியே இருக்கிறதா? டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தை விட்டுவிடாதே.

நான் எழுத உட்கார்ந்ததைப் பார்த்துப் பிரதாப் சிரிக்கிறான். "இந்தக் காலத்துல யாரும்மா கடுதாசி எழுதுறாங்க? அத்தைக்கு நல்ல போன் ஒண்ணு வாங்கிக் குடுத்தா மெசேஜ் போட்டுறலாம்ல" என்றான். போனில் பேசினால் உனக்குக் கேட்காது. அந்தச் சின்ன எழுத்து உன் கண்ணுக்கும் எட்டாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசித்துக் காட்ட வேண்டும். நாத்தனாரும் அண்ணியும் பேசுவதற்கு நடுவில் ஓர் ஆள் எதற்கு?

தீபாவளி கழித்துக் கொட்டகலையை விட்டுக் கிளம்பியவள், இரண்டு மாதமாக ஓட்டம்தான். சிலாபத்தில் சம்பந்தி வீட்டுக் கல்யாணம், பிறகு இங்கே வத்தளை, இந்தத் தை முடிவதற்குள் திருகோணமலையில் மகள் ஷாமிலா வீடு. உன் அண்ணன் போன இந்த ஒன்றரை வருடத்தில் நான் ஏறிய பஸ்களை எண்ணினால், கல்யாணமாகி வந்த முப்பத்திரண்டு வருடத்திலும் அவ்வளவு ஏறியிருக்க மாட்டேன்.

வெட்டுத்துணிகளைச் சேர்த்துத் துணிப்படம் தைப்பதும் விடவில்லை. ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தால் மடியிலேயே வைத்துத் தைக்கிறேன். இப்போது தைப்பது நம் தோட்டத்துப் பெரட்டுக் களம். விடிகாலை மழையில் வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்கும் பெண்கள், பதினோரு பேர். அவர்கள் இடுப்பில் கட்டும் படங்குக்கு உரச் சாக்கிலிருந்தே ஒரு துண்டு வெட்டினேன். முகம் மட்டும் வரவில்லை. பதினோரு பேரும் முதுகைக் காட்டி நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெந்நீரில் குளி. குளிரில் காதைத் திறந்துகொண்டு போகாதே.

அன்புடன்,
அண்ணி சண்முகவடிவு


கொட்டகலை,
02.02.2024

அன்புள்ள அண்ணிக்கு,

ஜெயந்தினி வணக்கம் சொல்லி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி பஸ்ஸில் உட்கார்ந்து உட்கார்ந்து கூடிவிடவில்லையே?

காது அப்படியேதான். பிள்ளைக் காம்பராவில் நான் பார்த்துக்கொள்ளும் பத்தொன்பது பிள்ளைகளும் சேர்ந்து அழுதால்கூட எனக்குத் தூரத்தில் தேனீ பறப்பது போல இருக்கிறது. கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார், "ஒங்களுக்குத்தான் அக்கா இந்த வேல சரி" என்று என் முகத்துக்கு நேராக வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

போன சனிக்கிழமை ஹட்டனுக்குப் போனேன். தையல்கடை செரீபா அக்கா உங்களுக்கென்று வெட்டுத்துணி ஒரு பை நிறைய எடுத்து வைத்திருக்கிறார். "ஒங்க அண்ணி எப்ப வருவாங்க?" என்று கேட்டார். காது கேட்காதவள் போலவே நின்றுவிட்டேன். சில நேரம் அது உதவுகிறது.

அண்ணன் படத்துக்குக் கீழே எரியும் சின்ன பல்ப் போய்விட்டது. வேறு போட்டிருக்கிறேன். உங்கள் அறைப் போர்வைகளை ஞாயிற்றுக்கிழமை வெயிலில் காயவைத்தேன். எப்போது வருவீர்கள்?

அன்பு மறவாத,
ஜெயந்தினி


திருகோணமலை,
05.03.2024

அன்புள்ள ஜெயந்தினிக்கு,

உன் கடிதம் வத்தளைக்குப் போய், அங்கிருந்து பிரதாப் அனுப்பி இங்கே வந்தது. பதில் பிந்தியதற்குக் கோபிக்காதே. நீ சுகம்தானே? இங்கே எல்லோரும் நலம். பேரன் லோஜனுக்கு முன்பல் இரண்டு விழுந்திருக்கிறது. "அம்மாயி, எனக்குத் துணியில பல்லு தைச்சுக் குடு" என்று நிற்கிறான்.

இங்கே ஒரு புதினம். ஷாமிலா தன் பள்ளிக்கூடச் சிநேகிதிகளிடம் என் துணிப்படங்களைக் காட்டியிருக்கிறாள். அதில் ஒருத்தி மட்டக்களப்பில் பெண்கள் சங்கம் நடத்துகிறாள். வந்து பார்த்தவள், பெரட்டுக் களத்தை அரைமணி நேரம் கையில் வைத்திருந்தாள். "இத எங்க படிச்சீங்க அம்மா?" என்றாள். படிக்கவில்லை, லோஜனுக்கு உடுப்புத் தைத்து மிஞ்சிய துணியை வீணாக்க மனமில்லாமல் தொடங்கியது என்றேன். வருடக் கடைசிக்குள் எல்லாப் பெண்களும் செய்ததை வைத்து ஒரு கண்காட்சி போடப்போகிறார்களாம். மாதம் இரண்டு தடவை மட்டக்களப்புக்குப் போய்வருகிறேன். காலை பஸ்ஸில் போனால் பொழுதுபட வந்துவிடலாம்.

செரீபாவின் பையை யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடு. சித்திரைக்கு வரப் பார்க்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணி


கொட்டகலை,
22.04.2024

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் நலம். அங்கே எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

சித்திரை வந்து போய்விட்டது. முறுக்கும் அலுவாவும் கொஞ்சமாகச் செய்தேன். இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன். பிறகு பிள்ளைக் காம்பராவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். நீங்கள் வராததை நான் குறையாகச் சொல்லவில்லை. அலைச்சல் அதிகம் என்று எனக்குத் தெரியும்.

இந்த ஆனியில் அண்ணனின் இரண்டாவது திதி. ஐயரிடம் கேட்டேன். ஜூலை பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை வருகிறது. பிரதாப் லீவு போட்டுவிட்டானாம். நீங்கள் இல்லாமல் செய்வது சரியாக இருக்காது. அதற்காவது வந்துவிடுங்கள். எந்த பஸ்ஸில் வருவீர்கள் என்று முன்கூட்டியே ஒரு வரி எழுதிப் போட்டால், நான் சந்திக்கு வந்து பையைத் தூக்கிக்கொள்வேன்.

அன்பு மறவாத,
ஜெயந்தினி


மட்டக்களப்பு,
06.06.2024

ஜெயந்தினிக்கு,

நலம், நலமறிய ஆவல். பஸ் வருவதற்குள் எழுதுகிறேன். திதிக்குக் கட்டாயம் வருவேன். தேதி நினைவிருக்கிறது. கண்காட்சியை முன்னால் தள்ளி ஜூலையிலேயே வைத்துவிட்டார்கள், அதனால் கையில் நிறைய வேலை. பஸ் வந்துவிட்டது.

அண்ணி


திருகோணமலை,
08.07.2024

அன்புள்ள ஜெயந்தினிக்கு,

நீ சுகம் என்று நினைக்கிறேன். லோஜனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். ஷாமிலா வேலைக்குப் போவதால் பிள்ளையை விட்டு நகர முடியவில்லை. பிரதாப்பிடமும் சொல்லிவிட்டேன். திதியை நீங்கள் இருவருமே செய்துவிடுங்கள். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே.

அண்ணி


கொட்டகலை,
21.07.2024

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் சுகம். லோஜனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா?

திதி குறைவில்லாமல் முடிந்தது. மழை விடவே இல்லை. ஐயர் சொன்ன மந்திரம் எனக்குக் கேட்கவில்லை. பிரதாப் செய்ததைப் பார்த்து நானும் கும்பிட்டேன். பதினைந்து பேர் சாப்பிட்டார்கள். "அண்ணி எங்க?" என்று எல்லோரும் கேட்டார்கள். அண்ணி ஊரில் இல்லை, பேரனுக்குச் சுகமில்லை என்றேன்.

நேற்று செரீபா அக்கா ஒரு பேப்பரை எடுத்து என் கையில் வைத்தார். மட்டக்களப்புக் கண்காட்சி, திதி நடந்த அந்த வெள்ளிக்கிழமை காலைதான் திறந்தது என்று போட்டிருந்தது. படத்தில் நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள். பின்னால் பெரட்டுக் களம் தொங்குகிறது. வாய்விட்டுச் சிரிக்கிறீர்கள். மேல்வரிசையில் உள்பக்கம் ஒரு பல் இல்லை. அண்ணி, உங்களோடு முப்பது வருடத்துக்கு மேல் ஒரே அடுப்பில் சமைத்திருக்கிறேன். அந்தப் பல் இல்லை என்பது எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது.

செரீபா அக்கா, "ஒங்க அண்ணிதானே இது? எவ்வளவு அழகா இருக்காங்க" என்றார். ஆமாம் என்றேன். பேப்பரை நானே எடுத்துக்கொண்டேன்.

எனக்குக் கோபமில்லை. நீங்கள் இந்த வீட்டுக்கு வராமல் இருப்பதற்கு நான் காரணமா என்று மட்டும் சொல்லுங்கள்.

ஜெயந்தினி


திருகோணமலை,
09.09.2024

அன்புள்ள ஜெயந்தினிக்கு,

ஒன்றரை மாதம் உன்னைக் காக்க வைத்துவிட்டேன். நீ எப்படி இருக்கிறாய்? இங்கே எல்லோரும் நலம். லோஜனுக்குக் காய்ச்சலே வரவில்லை. பிள்ளைமேல் இல்லாத நோயைச் சொன்ன பயத்தில், அடுத்த வெள்ளிக்கிழமையே கோயிலில் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன்.

நீ காரணமில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் அண்ணன் என்னை அடித்தவரில்லை. குடித்தவருமில்லை. அவர் வேலை பார்த்த ஸ்டோரில் தேயிலை அரைக்கிறவர்களிலிருந்து துரையின் பங்களா வரைக்கும் யாரைக் கேட்டாலும் ஜீவராஜ் நல்ல மனிதர் என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் ஹட்டனுக்கு நூல் வாங்கப் போகிறேன் என்றால், "நீ எதுக்கு? நான் வாங்கியாறேன்" என்பார். வாங்கியும் வருவார், அவர் நினைத்த நிறத்தில். நான் சிவப்புக் கேட்டிருப்பேன், பழுப்பு வரும். "இதுதான் அழுக்குத் தெரியாது" என்பார். பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினால்கூட "எங்க போயிருந்த?" என்பார். கோபமாகக் கேட்க மாட்டார். சும்மா கேட்பார். முப்பத்திரண்டு வருடம் அதற்குப் பதில் சொன்னேன்.

அவர் போய் இரண்டு மாதத்தில் ஷாமிலா வீட்டுக்குப் புறப்பட்டேனே, நினைவிருக்கிறதா? பஸ் கண்டியைத் தாண்டியதும் எனக்குச் சந்தோஷம் வந்தது, ஜெயந்தினி. அழுகை வருவது போல, அடக்க முடியாமல் வந்தது. பயந்துபோய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா, நான் அழுவதாக நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார்.

அந்த வீட்டுக்குள் கால் வைத்தால் அது போய்விடுமோ என்று பயம். அதைவிட உன்னை நினைத்துப் பயம். காது மந்தமான பிறகு நீ ஆட்களின் முகத்தை அப்படி உற்றுப் பார்க்கிறாய். என் முகத்தைப் பார்த்தால் தெரிந்துகொள்வாய் என்று ஓடிக்கொண்டே இருந்தேன். தாய் தகப்பன் இல்லாத உன்னைத் தூக்கி வளர்த்த அண்ணன் அவர். அவர் செத்ததில் எனக்குச் சந்தோஷம் இருக்கிறது என்று உன்னிடம் எந்த வாயால் சொல்வேன்?

அவர் நல்லதையும் நான் மறைக்கக் கூடாது. என் அம்மா தவறியபோது தந்தி தாமதமாக வந்ததற்கு அவர் என்ன செய்வார்? ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளைக்குப் போய்ச் சேர்ந்தபோது மண் போட்டு முடித்துவிட்டார்கள். வழியில் நானுஓயாவில் பஸ் இல்லாமல் நின்று நான் அழ, ஊர் பார்க்க என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாரே, அந்த ஒன்றை நினைத்துத்தான் மற்றதையெல்லாம் பொறுத்தேன். இப்போதும் அதை நினைத்துத்தான் அவருக்கு விளக்கேற்றுகிறேன்.

இனி நீ என்னை என்ன நினைத்தாலும் சரி. எழுதிவிட்டேன்.

உன் அண்ணி


கொட்டகலை,
17.09.2024

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் நேற்று வந்தது. உங்களுக்குச் சந்தோஷம் வந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நூல் விஷயம் எனக்குத் தெரியும். பழுப்பு நூலை நீங்கள் அண்ணன் கையிலிருந்து வாங்கி வைக்கும்போது நான் பக்கத்தில்தான் இருந்திருக்கிறேன்.

ஆனால் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒன்று. அதற்காக நீங்கள் விளக்கேற்றுவதை அறிந்துகொண்டு நான் சும்மா இருக்க முடியாது.

தந்தி தாமதமாக வரவில்லை அண்ணி. தொண்ணூற்றெட்டில், அந்த வெள்ளிக்கிழமை மத்தியானமே வந்துவிட்டது. ஆபீசிலிருந்து அண்ணன் சட்டைப் பையில் கொண்டுவந்தார். நீங்கள் பீலியில் துணி துவைத்துக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பின்பக்கம் கூப்பிட்டு, "நாளைக்கு ஸ்டோர்ப் பெரிய டீமேக்கர் வீட்டு ஆளுங்க சாப்பிட வர்றாங்க. எனக்கு உத்தியோகம் ஒசர்ற நேரம். இப்ப சொன்னா இவ அழுதுகிட்டுக் கெளம்பிருவா. சாப்பாடு முடியட்டும். ஒம் பொட்டியில வையி" என்றார்.

"பாவம்ணே" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். வாங்கிப் பெட்டியில் வைத்தேன். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. சின்னப் பிள்ளை இல்லை.

சனிக்கிழமை நீங்கள் கோழிக் குழம்பு வைத்தீர்கள். "உப்புப் பாரு ஜெயந்தினி" என்று கரண்டியில் எடுத்து என் உள்ளங்கையில் ஊற்றினீர்கள். நக்கிப் பார்த்து, "சரியா இருக்கு அண்ணி" என்றேன். அவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு அண்ணன் கண்ணைக் காட்டினார். இப்போதுதான் வந்தது போல நான்தான் எடுத்து வந்து வாசித்தேன். நீங்கள் அதை வாங்கிப் பார்க்கவில்லை. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதீர்கள்.

இத்தனை வருடமும் அது அண்ணன் செய்தது என்று வைத்திருந்தேன். கேட்டது அவர். பெட்டி என்னுடையது.

இதை நேரில் சொல்லியிருக்க வேண்டும். நேரில் சொன்னால், நீங்கள் பதிலுக்குச் சொல்வது எனக்குக் கேட்காது. உங்கள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குத் தைரியமில்லை.

உங்கள் முழங்காலுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா என்று தெரியவில்லை.

ஜெயந்தினி


கொட்டகலை,
14.10.2024

அண்ணிக்கு,

சுகம் விசாரிக்கிறேன். நீங்கள் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று கேட்கவும் இல்லை.

அண்ணனின் படம் உங்கள் அறை வாசலுக்கு நேரே இருந்ததல்லவா. அதைக் கழற்றி என் அறையில் மாட்டிவிட்டேன். அவர் எனக்கு அண்ணன், நான் கும்பிட்டுக்கொள்கிறேன். உங்கள் பக்கத்துச் சுவர் இப்போது வெறுமையாக இருக்கிறது. ஆணியையும் பிடுங்கிவிட்டேன்.

செரீபா அக்காவின் வெட்டுத்துணியைத் தபாலில் போட்டிருக்கிறேன். சிவப்பு நிறையச் சேர்க்கச் சொன்னேன்.

ஜெயந்தினி


பண்டாரவளை,
02.11.2024

ஜெயந்தினிக்கு,

நான் தம்பி விஜிதரன் வீட்டில் இருக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்.

உன் கடிதத்தை ஷாமிலா வீட்டுப் படியில் உட்கார்ந்து வாசித்தேன். "என்னம்மா?" என்று கேட்டாள். நூல் சிக்கிக்கொண்டது என்றேன். அதன் பிறகு மூன்று வாரம் ஊசியைத் தொடவில்லை. மட்டக்களப்புக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மன்னாரில் ஒரு கண்காட்சிக்குக் கூப்பிட்டார்கள், அதற்கும் போகவில்லை. உன் அண்ணன்மேல் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அவர் இல்லை. நீ இருக்கிறாய். அதனால் முழுக்க உன்மேலேயே வந்தது. இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று நாலு பக்கம் எழுதினேன். ஒட்டி, விலாசமும் எழுதினேன். தபால் கந்தோர் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன்.

தீபாவளிக்கு இங்கே வந்தேன். தம்பி என்னை அம்மாவைப் புதைத்த இடத்துக்குக் கூட்டிப்போனான். குழிமேடு எதுவென்று தெரியவில்லை. மழையில் எல்லாம் கரைந்து புல் ஏறிக் கிடக்கிறது. இந்தப் பக்கமாகத்தான் என்று கையால் ஒரு வட்டம் காட்டினான். அப்போது, அன்று ஏன் காத்திருக்கவில்லை என்று தம்பியிடம் கேட்டேன். "ஞாயித்துக்கெழம காலையில வரைக்கும் ஒங்களுக்காகத்தான் வச்சிருந்தோம் அக்கா. தந்தி அடிச்சு ரெண்டு நாளாச்சு, இனி வரமாட்டாங்கன்னு பெரியவங்க சொல்லிட்டாங்க" என்றான். நான் வேண்டுமென்றே பிந்தி வந்தேன் என்று இருபத்தாறு வருடமாக அவன் நினைத்திருக்கிறான். இரவு சாப்பிட உட்கார்ந்தபோதுதான் தந்தியை ஒளித்து வைத்த கதையைச் சொன்னேன். கையைக் கழுவிவிட்டு எழுந்து வந்து என் காலடியில் உட்கார்ந்து அழுதான், ஐம்பது வயது மனிதன்.

நீ எழுதாமல் இருந்திருந்தால் இது எனக்கும் தெரிந்திருக்காது, அவனுக்கும் தெரிந்திருக்காது. நான் சாகும்வரை தப்பான விஷயத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டு இருந்திருப்பேன்.

பெட்டி உன்னுடையது என்று எழுதியிருக்கிறாய். ஆமாம், உன்னுடையதுதான். அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக உனக்கு வேறு வீடு இருந்ததா என்று நான் யோசிக்கிறேன். இருக்கவில்லை. எனக்கும் இருக்கவில்லை. இதெல்லாம் புத்திக்குத் தெரிகிறது. ஆனாலும் கோழிக் குழம்பில் வந்து நின்றால் கோபம் மறுபடியும் ஏறிவிடுகிறது.

அது தீர்ந்த பிறகு உன்னைக் கூப்பிடலாம் என்றுதான் இருந்தேன். தீர நாளாகும் போலிருக்கிறது. அதனால் இப்போதே வா.

பிள்ளைக் காம்பராவில் ஒரு வாரம் லீவு கேள். வரும் சனிக்கிழமை கொட்டகலையில் பகல் ரயில் ஏறு. ஸ்டேஷன் பெயர் சொல்வது உனக்குக் கேட்காது. பலகைகளைப் பார்த்துக்கொண்டே வா. அப்புத்தளை, தியத்தலாவை, அதற்கடுத்தது பண்டாரவளை. நான் பிளாட்பாரத்தில் நிற்பேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நிற்பேன். நீ பயப்படாமல் இறங்கு.

அண்ணி